வன்னி ஆஸ்பத்திரிகளில் நோயாளிப் பதிவு வாங்குவது: எந்த மேசை உதவும், எந்த மேசை இழுக்கும்

வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டால், டொக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தன்னுடைய நோயைப் பற்றி அங்கே எழுதி வைத்திருப்பதை நோயாளி கையில் வாங்கிக்கொண்டு வெளியே வர முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு சேவைதான். முல்லைத்தீவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஒருவரை யாழ்ப்பாணத்துக்கும், வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கும், புற்றுநோய் என்றால் தெல்லிப்பழைக்கும் மகரகமைக்கும் அனுப்பும் ஊரில், கடதாசி இல்லாமல் போகிறவருக்கு அங்கே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்கும். பஸ் காசு, ஒருநாள் கூலி, கூடப் போகிறவரின் கூலி எல்லாம் அதில் போய்விடும்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு விடும் நாளில் வாட்டு மேசைதான் மிக நல்லது, அங்கே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பதிவேட்டு அறை பரவாயில்லை, ஆனால் வாயால் கேட்டால் இழுக்கும், எழுத்தில் கேட்டால் அசையும். எக்ஸ்றேயும் ஸ்கானும்தான் பலவீனமான இடம். அரச இடங்களில் உள்ள பதிவைக் கேட்டு வாங்க வழிவிடும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.ரி.ஐ.) மெதுவாகப் போகும், ஆனாலும் முறையாகப் போனால் நம்பலாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கும், புதுக்குடியிருப்பு, மல்லாவி, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கும், சிறிய பிரதேச வைத்தியசாலைகளுக்கும் வேலைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஆள்பலம் மட்டும் வேறுபடும்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கிளினிக் கொப்பியும், வீட்டுக்கு விடும்போது நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை. வாட்டில் தங்கியிருந்த நாட்களில் டொக்டரும் மிஸியும் எழுதிய முழுக் கட்டு பீ.எச்.ரி. அது ஆஸ்பத்திரியில் இருக்கும், மூலத்தை யாருக்கும் தரமாட்டார்கள், பிரதிதான் கேட்கலாம். அடிதடி, விபத்து, துஷ்பிரயோகம் போன்ற பொலிஸ் சம்பந்தப்பட்ட விடயங்களில் சட்ட வைத்திய அதிகாரி எழுதும் அறிக்கை மூன்றாவது வகை. அது நீதிமன்றத்துக்குப் போகும். இந்த மூன்றையும் ஒரே மேசையில் கேட்பதால்தான் பாதிப் பேர் அலைகிறார்கள்.

வீட்டுக்கு விடும் நாளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்களைப் பார்த்த டொக்டர் வாட்டில் இருப்பார், பீ.எச்.ரி மேசையில் விரித்தபடி கிடக்கும், திருத்தம் வேண்டுமென்றால் ஒரு நிமிட வேலை. ஒரு கிழமை கழித்துப் போனால் அந்த டொக்டர் மாறியிருக்கலாம், கட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதனால் டயக்னோசிஸ் காட்டை மடித்துப் பையில் வைக்க முன், கட்டிலிலேயே இருந்து வாசியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால், "மிஸி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது இவைதான். பெயர், அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்திலேயே இருக்கிறதா? தர்சினி என்ற பெயரை ஒருவர் 'ரி'யில் தொடங்குவார், இன்னொருவர் 'டி'யில் தொடங்குவார். காப்புறுதியிலும் உதவித்தொகையிலும் இந்த ஒரு எழுத்துக்காகவே விண்ணப்பம் திரும்பி வரும். அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் இருக்கிறதா? வாட்டு இலக்கமும் பீ.எச்.ரி இலக்கமும் தெளிவாகத் தெரிகிறதா? பிற்பாடு எந்தப் பிரதி கேட்டாலும் இந்த இலக்கம்தான் திறப்பு. இலக்கம் இருந்தால் பதிவேட்டு அறையில் கட்டைச் சீக்கிரம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் அனுமதிப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதன் பெயர், உள்ளே தகடோ ஆணியோ வைத்திருந்தால் அது, திசு எடுத்து அனுப்பியிருந்தால் அந்த மாதிரியின் இலக்கம், இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிவு வராத பரிசோதனை ஏதும் இருந்தால் அதை "முடிவு வரவில்லை" என்று குறிக்கச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கடைசியில் டொக்டரின் கையெழுத்து, பெயர், சீல். சீல் இல்லாத காட் வெளி இடங்களில் செல்லாது.

ஒவ்வாமை என்ற ஒரு வரியை மட்டும் தனியாகப் பாருங்கள். வயலும் காடும் உள்ள எங்கள் பக்கத்தில் புடையன் கடித்து வருகிறவர்கள் குறைவில்லை. இலங்கையில் ஏற்றும் பாம்பு விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதை ஏற்றும்போது உடம்பு தடித்தல், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தம் இறங்கிப்போதல் என்று ஒவ்வாமை வருவது அடிக்கடி நடக்கிறது. வாட்டில் அதைக் கவனித்து அட்ரினலின் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள், பீ.எச்.ரியிலும் எழுதுவார்கள். ஆனால் டயக்னோசிஸ் காட்டில் "பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டால், அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் தெரியாது. பெனிசிலின் வகை ஊசிக்கும் இதே கதைதான். ஒவ்வாமை வந்தது என்றால் அதை டயக்னோசிஸ் காட்டிலும் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலும் எழுதுவித்துக்கொண்டுதான் வாட்டை விட்டு வர வேண்டும். இது உயிரோடு சம்பந்தப்பட்டது.

"நான் போகிறேன்" என்று கையெழுத்து வைத்துவிட்டுத் தானாக வெளியேறுகிறவருக்கு டயக்னோசிஸ் காட் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பீ.எச்.ரியில் எல்.ஏ.எம்.ஏ (டொக்டரின் ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்) என்று எழுதி மூடிவிடுவார்கள். அப்படிப் போயிருந்தாலும் அதுவரை நடந்த சிகிச்சையின் பதிவு அங்கே இருக்கிறது. அதன் பிரதியைக் கேட்கும் உரிமை போகவில்லை.

இனிப் பதிவேட்டு அறை. இங்கே இழுபறி ஏன் வருகிறது என்று விளங்கினால் கோபமும் குறையும், வேலையும் நடக்கும். நோயாளி வீட்டுக்குப் போன கையோடு பீ.எச்.ரி நேரே பதிவேட்டு அறைக்கு வருவதில்லை. டயக்னோசிஸ் எழுதாமல் விட்டிருந்தால் டொக்டர் அதை நிரப்ப வேண்டும், கையெழுத்து விடுபட்டிருந்தால் வைக்க வேண்டும், வாட்டில் கட்டாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். வந்த பிறகும், நோய்களுக்கு உரிய குறியீடு போட்டு சுகாதார அமைச்சின் புள்ளிவிபரத்தில் ஏற்றும் வேலை இருக்கிறது. மரணமான நோயாளியின் கட்டைத் தனியாக வைப்பார்கள். பொலிஸ் சம்பந்தப்பட்ட கட்டு சட்ட வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் இருக்கலாம். இந்த நாலு இடத்தில் எதிலே இருக்கிறது என்று கேட்காமல் கவுண்டரில் நின்றால் பதில் இப்படித்தான் வரும்:

"அக்கா, அது இன்னும் வாட்டில இருந்து வரேல்லை. அடுத்த கிழமை வந்து பாருங்கோ."

இந்த இடத்தில் திரும்பி வரக்கூடாது. "தம்பி, எந்த வாட்டில எண்டு சொல்லுங்கோ, நான் போய்க் கேக்கிறன். அதுக்கு முதல் இந்தக் கடிதத்தில வந்த திகதியைப் போட்டு ஒரு கொப்பியில கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்று சொல்ல வேண்டும். பதிவேட்டு அறை உத்தியோகத்தரின் கையில் பிரதி தரும் அதிகாரம் இல்லை, பணிப்பாளரோ வைத்திய அத்தியட்சகரோ அனுமதி எழுத வேண்டும். பிரதேச வைத்தியசாலை என்றால் பொறுப்பு வைத்திய அதிகாரி. அதனால் வாயால் கேட்பதெல்லாம் அந்த உத்தியோகத்தரைச் சங்கடப்படுத்துவது மட்டும்தான். கடிதம் அவருக்கும் பாதுகாப்பு.

கடிதம் தமிழில் போதும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. அரைப்பக்கம் போதும், இப்படி எழுதலாம்:

"பணிப்பாளர் அவர்களுக்கு. நான் தங்கள் வைத்தியசாலையின் 7ஆம் வாட்டில் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை தங்கிச் சிகிச்சை பெற்றேன். என் பீ.எச்.ரி இலக்கம் இது. அந்தப் பீ.எச்.ரி முழுவதினதும், சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, மருந்து அட்டவணை, ஆய்வுகூட மற்றும் ஸ்கான் அறிக்கைகள் உட்பட, உண்மைப் பிரதி என உறுதிப்படுத்திய போட்டோப் பிரதி ஒன்று எனக்குத் தேவை. இவை என் சொந்த மருத்துவப் பதிவுகள். இவற்றை எனக்குத் தருவதற்கு நான் எழுத்தில் சம்மதம் அளிக்கிறேன்."

கீழே முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன் இலக்கம், கையெழுத்து, திகதி. அடையாள அட்டைப் பிரதியும் டயக்னோசிஸ் காட்டின் பிரதியும் இணைக்க வேண்டும். நீங்களே போக முடியாமல் மகனையோ மகளையோ அனுப்புவதாக இருந்தால், அவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு "இவரிடம் ஒப்படைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து, இருவரின் அடையாள அட்டைப் பிரதியும் வையுங்கள். நோயாளி எழுத முடியாத நிலையில் இருந்தால் கைநாட்டு வைத்து, சமாதான நீதவான் ஒருவரின் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசியோடு கொடுப்பது நல்லது.

கடிதத்தில் பக்கங்களின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. "பீ.எச்.ரி கொப்பி" என்று மட்டும் கேட்டால் முன்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்து அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அடுத்த டொக்டருக்குத் தேவைப்படுவது நடுப்பக்கங்கள். எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு போட்டார்கள், சிறுநீர் எவ்வளவு போனது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்ற இரத்த அளவு எந்த நாளில் ஏறியது, வயிற்றைத் திறந்தபோது உள்ளே என்ன கண்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வவுனியா, செட்டிகுளம் பக்கத்துச் சிறுநீரக நோயாளருக்கு இது மிக முக்கியம். இன்றைய கிரியற்றினின் எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை மாதத்தில் எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்துத்தான் சிறுநீரக வைத்திய நிபுணர் முடிவெடுப்பார். பழைய ரிப்போட் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள்.

கையில் வருவது ஆங்கிலத்தில், கோணல் எழுத்தில், சுருக்கெழுத்தாக இருக்கும். டி.எம் என்றால் சீனி வருத்தம், எச்.ரி என்றால் பிரஷர், பி.டி ஒரு நாளைக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ் மூன்று தரம், நொக்டே இரவில், எஸ்.ஓ.எஸ் தேவைப்பட்டால் மட்டும். இந்த ஆறும் தெரிந்தாலே மருந்துப் பக்கத்தில் பாதி விளங்கும்.

கடிதம் கொடுத்துப் பதில் இல்லை, அல்லது "நோயாளிக்குக் கொடுக்க முடியாது" என்கிறார்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குள் அடங்கும். இதன் 5ஆம் பிரிவில் மருத்துவப் பதிவுகள் தரக்கூடாதவற்றின் பட்டியலில் இருப்பது உண்மை. மறுக்கிறவர்கள் அந்த வரியின் முதல் பாதியைத்தான் காட்டுவார்கள். மறுபாதி, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் தரலாம் என்கிறது. உங்கள் பதிவை நீங்களே கேட்கும்போது அந்தச் சம்மதத்தை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள், அதோடு அந்தத் தடை போய்விடுகிறது. மேலே உள்ள கடிதத்தில் கடைசி வரி இருப்பது அதற்காகத்தான். அதை விட்டுவிடாதீர்கள். வேறு சட்டமோ விதியோ இதற்கு மாறாக இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

விண்ணப்பத்துக்கு ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஏற்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார் என்று எல்லாரும் காணும் இடத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஆஸ்பத்திரித் தலைவரின் பெயருக்கே கொடுங்கள், தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் தலைவரே தகவல் அலுவலர். நேரில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபால், அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

நாள் கணக்கை நாட்காட்டியில் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் இழுபறியில் இழக்கிறவர்கள் பெரும்பாலும் நாள் தவறவிட்டவர்கள்தான். தருவோமா மாட்டோமா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். தருவோம் என்றால், கட்டணம் இருந்தால் அதைக் கட்டிய பிறகு 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். கட்டு பெரிதென்றால் காரணம் சொல்லி மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். மறுத்தாலும், நாள் தாண்டியும் வாய் திறக்காவிட்டாலும், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அவசரச் சத்திரசிகிச்சைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அதைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும், உள்ளே ஒளித்து வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கட்டணம் பெரிய விடயமே இல்லை. 2017 விதிகளின்படி ஏ4 போட்டோப் பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, முதல் நாலு பக்கமும் இலவசம். அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே தனியான கட்டண விதி இருந்தால் அதை அறவிடலாம். எப்படியிருந்தாலும் காசைக் கட்டினால் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

இந்தச் சட்டம் பிரஜைகளுக்கு மட்டும். கனடாவிலோ சுவிஸிலோ குடியுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர், முந்தி இங்கே பெற்ற சிகிச்சைப் பதிவைத் தன் பெயரில் ஆர்.ரி.ஐ. போட்டு வாங்க முடியாது. பணிப்பாளருக்குச் சாதாரண கடிதம், இங்கே உள்ள உறவினருக்கு அற்றோணித் தத்துவம் என்ற வழிதான். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் விண்ணப்பிக்கலாம்.

இனி எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. 2008, 2009 போரில் காயப்பட்டவர்களின் பதிவு. செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) உடம்பில் இன்னும் இருக்கிறவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இப்போது இடுப்பு வலி, தலையிடி என்று போனால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து ஆபத்தாகலாம். எங்கே இருக்கிறது, எப்போது எந்தச் சத்திரசிகிச்சையில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது பழைய பதிவில்தான் இருக்கும். பதிவு கிடைக்காவிட்டாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க முன் "உடம்பில பீஸ் இருக்கு" என்று சொல்லி எக்ஸ்றே எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இயங்கின. அங்கே எழுதியது கிடைக்கும் என்று நம்பிப் பயனில்லை. வெளியே வந்த பிறகு எங்கே சிகிச்சை பெற்றாரோ அங்கே தேட வேண்டும். 2009 பெப்ரவரியிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் புதுமாத்தளனிலிருந்து கப்பலில் போன காயக்காரர் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் போனார்கள். தரையால் வந்தவர்கள் வவுனியாவுக்கும், மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் செட்டிகுளத்துக்கும் வவுனியாவுக்கும் போனார்கள். விண்ணப்பத்தில் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனையையும் எழுதுங்கள். தகப்பன் பெயர், அப்போதைய வயது, காயப்பட்ட இடம், முகாம், மாதம் எல்லாம் சேருங்கள். சிங்களம் மட்டும் தெரிந்தவர் காதால் கேட்டு எழுதிய பெயர் அடையாள அட்டைப் பெயரோடு ஒத்துப்போகாது.

"அது பழசு, அழிச்சாச்சு" என்று பதில் வந்தால் அங்கே ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் கையில் இருந்த பதிவுகளை அந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குக் குறையாமலும், அதற்குப் பிறகு உருவான பதிவுகளை உருவான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பாதுகாக்கச் சொல்கிறது. அப்படியென்றால் 2017 பெப்ரவரி 3இல் அலுமாரியில் இருந்த 2009ஆம் ஆண்டுக் கட்டு 2027 பெப்ரவரி வரை இருக்க வேண்டும். அழித்தது எப்போது, யாருடைய அனுமதியோடு, அந்தப் பட்டியலின் பிரதி எங்கே என்று அதே ஆர்.ரி.ஐ.யில் கேளுங்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும் பதிவை அழிக்கவும் கூடாது. ஆகவே பீஸ் உள்ளவர்கள், கால் கை இழந்தவர்கள், தலையில் காயப்பட்டவர்கள் இதைப் பிறகு பார்ப்போம் என்று வைக்க வேண்டாம். அந்தத் திகதிக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கிவிட வேண்டும்.

இறந்தவரின் பதிவில் சட்டம் அவ்வளவு தெளிவாக வழி விடவில்லை, சம்மதம் எழுத அவர் இல்லை. மரணச் சான்றிதழ், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் அல்லது திருமணப் பதிவு, ஏன் வேண்டும் என்ற விளக்கம், வெளிப்படுத்துவதில் பொதுநலன் கூடுதலாக இருந்தால் தர வேண்டும் என்ற 5(4) பிரிவு, இவற்றோடு கேட்டு, மறுத்தால் ஆணைக்குழு வரை போக வேண்டியிருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவரின் சிகிச்சைப் பதிவைத் தேடும் குடும்பம், காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுப்பது நல்லது. அதற்குப் பிற நிறுவனங்களிடம் ஆவணம் கேட்கும் அதிகாரம் உண்டு.

எக்ஸ்றேக்கும் ஸ்கானுக்கும் குறைந்த புள்ளி போட்டதற்குக் காரணம், படம் கணினியில் ஏறிய பிறகு நோயாளிக்குப் பல இடங்களில் ஃபிலிம் கிடைப்பதில்லை. திரையைப் போனில் படமெடுத்துக் கொண்டு போகிறார்கள். போன் படத்தில் வெளிச்சம் தெறிக்கும், அளவு பார்க்க முடியாது, வேறு அடுக்குகளைத் தள்ளிப் பார்க்க முடியாது. சி.ரி. ஸ்கானில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும், அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் கொண்டு போகிறீர்கள். எல்லாப் படங்களையும் கணினியில் முழுதாகத் திறந்து பார்க்கக்கூடிய டைகொம் வடிவத்தில் சி.டி.யில் பதிந்து தரும்படி கேளுங்கள், வெற்று சி.டி. ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். பென் ட்ரைவை வைரஸ் பயத்தால் ஏற்கமாட்டார்கள். படத்தோடு கதிரியக்க நிபுணரின் எழுத்து அறிக்கையும் வேண்டும். அது படத்துக்குச் சில நாட்கள் பிந்தி வரும், வாங்க மறந்துவிடுகிறோம்.

திசுப் பரிசோதனையில் ரிப்போட்டோடு நிற்காதீர்கள். தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ மறுபடி பார்க்க விரும்பினால் கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும் கேட்பார்கள். அவை மாதிரி பரிசோதித்த ஆய்வுகூடத்தில் இருக்கும். அனுப்பும் நிபுணரின் கடிதத்தோடு போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். மெழுகுக் கட்டியைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெய்யிலில் வைத்துக் கொண்டு போனால் உருகிவிடும்.

சட்ட வைத்திய அறிக்கையை ஆஸ்பத்திரியில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அது வழக்கு நடக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். அங்கே பதிவாளரிடம் சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மரண விசாரணையின் பிரேத பரிசோதனை அறிக்கையும் அப்படித்தான். ஆனால் அதே காயத்துக்கு வாட்டில் செய்த சிகிச்சையின் டயக்னோசிஸ் காட் உங்களுடையது, வழக்கைக் காட்டி அதைத் தராமல் விட முடியாது.

பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேடு தொலைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டிலும் கிளினிக்கின் நிர்ப்பீடனப் பதிவேட்டிலும் திகதிகள் இருக்கும். அதைப் பார்த்துப் புதிய பதிவேடு நிரப்பித் தருவார்கள். இந்தச் சேவை எங்கள் பட்டியலில் மிக நல்ல இடத்தில் இருக்கிறது.

தனியார் இடங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுவாக எட்டாது. சனல் டொக்டர் சிறு துண்டில் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டுத்தான் பெரும்பாலும் முழுப் பதிவு. மருந்துக்கடையில் அதைக் கொடுத்துவிட்டு வராமல் படமெடுத்து வையுங்கள். இரத்த மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் நிலையங்களில் பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தை வைத்து ரிப்போட்டை மறுபடி எடுக்கலாம், அதனால் பற்றுச்சீட்டையும் ரிப்போட்டோடு குத்தி வையுங்கள்.

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தை முதலில் வாங்கி, வைத்திய நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதி எது என்று பார்த்து, கிளினிக் நாளிலேயே டயக்னோசிஸ் காட் பிரதியோடு அவர் முன் வையுங்கள். வேறு நாளில் போனால் நிபுணர் இருக்கமாட்டார்.

வாங்கியதை வைத்திருக்கும் விதமும் முக்கியம். ஈ.சி.ஜி. வருவது சூட்டில் கறுக்கும் தாளில். லமினேற் போட்டால் முழுதும் கறுத்துவிடும், போடாவிட்டாலும் வெய்யிலிலும் காலத்திலும் எழுத்து மங்கிப் போகும். எடுத்த அன்றே போட்டோக் கொப்பி எடுத்துத் திகதி எழுதுங்கள். டயக்னோசிஸ் காட்டையும் லமினேற் செய்யாதீர்கள், கிளினிக்கில் பின்பக்கத்தில் எழுதவும் சீல் வைக்கவும் முடியாமல் போகும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பைலில் மூலம், வேறு வீட்டில் ஒரு பிரதி, குடும்பத்தில் ஒருவரின் போனில் தெளிவான படம். மாரியில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டி வந்தால் கிளினிக் கொப்பியும் மருந்தும் அந்தப் பைலோடு ஒரே பையில் இருக்க வேண்டும்.